ஈஸ்ட் இல்லாமலே எழும்பும் சீஸ் பிரெட்

ஈஸ்ட் தீர்ந்துவிட்டதா, பதிலுக்கு ஒரு சிட்டிகை சோடா போடு. பேக்கிங் பவுடர் இல்லையா, அதற்கும் சோடா போடு. பிரெட் எழும்பவில்லையா, அடுத்த முறை சோடாவைக் கூட்டிப் போடு. வீட்டில் புதிதாக பேக்கிங் தொடங்கும் யாருக்கும் இந்த யோசனைகள் எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். மூன்றுமே தவறு. இவற்றை நம்பிச் செய்துவிட்டு, கல்லாக வந்த பிரெட்டைப் பார்த்து "நமக்கு இதெல்லாம் வராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் வருத்தம். அவர்கள் கையில் குறையில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சீஸும் வாசனை இலைகளும் சேர்த்த உப்புச் சுவை பிரெட்டை வைத்து அதைச் சொல்கிறேன். மாவு பிசைய வேண்டாம், ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம். கலக்கப் பத்து நிமிடம், வேக ஒரு மணி நேரம். பேக்கிங் கற்றுக்கொள்ள முதல் பண்டமாக கேக்கைவிட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். காரணங்களைப் புரிந்துகொண்டு செய்தால் முதல் முறையே நன்றாக வரும்.

இட்லி மாவா, மைசூர் போண்டா மாவா?

இட்லி மாவை ராத்திரி கரைத்து வைக்கிறோம். மாவிலும் உளுந்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் வேலை செய்து, வாயுவை வெளியிட்டு, காலையில் மாவைப் பொங்க வைக்கின்றன. அவசரப்படுத்த முடியாது. மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். ஈஸ்ட் போட்ட பிரெட்டும் இந்த வகைதான். ஈஸ்ட் ஓர் உயிர். மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது.

மைசூர் போண்டா வேறு வகை. மைதா, புளித்த தயிர், கொஞ்சம் சோடா. கலக்கிக் கொஞ்ச நேரத்திலேயே எண்ணெயில் போட்டுவிடலாம். உயிர் எதுவும் வேலை செய்ய வேண்டியதில்லை. தயிரின் புளிப்பும் சோடாவும் சந்தித்த இடத்திலேயே வாயு பிறந்துவிடுகிறது.

ஈஸ்ட் இல்லாமல், இப்படி ரசாயன வினையால் எழும்பும் பிரெட்டுக்குத்தான் குயிக் பிரெட் என்று பெயர். அதாவது, மைசூர் போண்டா செய்யத் தெரிந்தவருக்கு குயிக் பிரெட்டின் பாதி ஏற்கெனவே தெரியும். எண்ணெய்க்குப் பதில் அவன் (பேக்கிங் அடுப்பு), உருண்டைக்குப் பதில் நீளத் தகர அச்சு, வேகும் நேரம் நீளம். இந்தக் கடைசி வித்தியாசம்தான் முக்கியம். போண்டா சில நிமிடங்களில் வெந்துவிடும். பிரெட்டின் நடுப்பகுதி வேக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வாயு உள்ளேயே நிற்க வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஈஸ்ட் பிரெட்டில் வாயு மெதுவாக, நெடுநேரம் வந்துகொண்டே இருக்கும். குயிக் பிரெட்டில் சீக்கிரம் வந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். செய்முறையில் வரும் அத்தனை கட்டளைகளும் அந்த வாயுவை மாவு வேகும்வரை தப்பவிடாமல் வைத்திருக்கத்தான்.

சோடா தனியாக என்ன செய்யும், புளிப்போடு என்ன செய்யும்

நாம் ஆப்ப சோடா, சமையல் சோடா என்று சொல்வதும் பேக்கிங் சோடாவும் ஒரே பொருள்தான்: சோடியம் பைகார்பனேட். இது காரத்தன்மை உடையது. மிளகாய்க் காரம் அல்ல. புளிப்புக்கு எதிரான ரசாயனக் குணம். தயிர், மோர், எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பான எதனோடு சேர்ந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு, கரியமில வாயுவையும் தண்ணீரையும் ஓர் உப்பையும் விட்டுச் செல்லும். அந்த வாயுதான் நமக்கு வேண்டியது.

புளிப்பே இல்லாவிட்டால்? சூட்டில் சோடா தானாகவும் உடையும். ஆனால் அப்போது பாதி வாயுதான் கிடைக்கும். மீதி, சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறி பிரெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சோடா அதிகமான பண்டத்தில் வரும் சோப்பு மாதிரியான சுவை இதனால்தான். பிரெட்டின் உள்ளே மஞ்சள் பாரிப்பதும் இதனால்தான். ஆகவே "இன்னும் கொஞ்சம் சோடா" என்பது எழும்பாத பிரெட்டுக்கு மருந்தாகாது. அடக்கப் புளிப்பில்லாத சோடா வெறும் கெட்ட சுவை.

மனதில் வைக்க ஒரு கணக்கு: அரை டீஸ்பூன் சோடாவை அடக்க ஏறத்தாழ ஒரு கப் தயிர் வேண்டும். கப் என்றால் 240 மில்லி.

பேக்கிங் பவுடர் வேறு. அதற்குள் சோடாவும் இருக்கிறது, அதை அடக்கும் அமிலமும் பொடியாக இருக்கிறது, இரண்டும் டப்பாவிலேயே சண்டையிடாமல் இருக்கக் கொஞ்சம் சோளமாவும் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் வேலை தொடங்கும். எனவே பாலில் கலக்கும் மாவுக்கும் இது போதும், தயிர் தேவையில்லை. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இருகட்ட வகை: ஓர் அமிலம் ஈரம் பட்டதும் வேலை செய்யும், இன்னொன்று அவன் சூடு ஏறிய பிறகுதான் விழிக்கும். குயிக் பிரெட்டுக்கு இந்த இரண்டாம் கட்டம் பெரிய உதவி. நடுப்பகுதி வேகத் தொடங்கும் நேரத்தில் புதிதாக ஒரு தவணை வாயு கிடைக்கிறது.

பேக்கிங் பவுடரில் பாதிக்கு மேல் அமிலமும் சோளமாவுமே இருப்பதால், அதே அளவு சோடா அதைவிட மூன்று, நான்கு மடங்கு வலுவானது. ஒரு டீஸ்பூன் பவுடருக்குப் பதில் ஒரு டீஸ்பூன் சோடா போட்டால் ஏன் சுவை கெடுகிறது என்பது இப்போது புரியும்.

ஈனோ போன்ற பழ உப்பைப் போடலாமா என்றும் கேட்பார்கள். அதில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன, எனவே வாயு வரும். ஆனால் ஈரம் பட்டதும் மொத்தமும் ஒரே மூச்சில் பொங்கிவிடும். டோக்ளா மாதிரி சீக்கிரம் வேகும் பண்டத்துக்கு அது பொருத்தம். முக்கால் மணி நேரம் வேகும் பிரெட்டுக்கு நான் போட மாட்டேன்.

பழைய டப்பாவைச் சோதிப்பது சுலபம். ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சுடுதண்ணீரில் போட்டால் உடனே நுரைக்க வேண்டும். சோடாவைச் சோதிக்க வினிகர். மந்தமாக நாலு குமிழி மட்டும் வந்தால் அந்த டப்பாவை வைத்து பேக்கிங் வேண்டாம்.

சுருக்கமாக: சோடாவுக்குப் புளிப்புத் துணை வேண்டும். பவுடர் தன் புளிப்பைத் தானே கொண்டுவரும். தயிர் சேர்க்கும் பிரெட்டில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் போடுவோம்: தயிரை அடக்க சோடா, சூட்டில் எழுப்ப பவுடர்.

இது எங்கிருந்து வந்தது

சோடா பரவுவதற்கு முன் அமெரிக்காவில் மரச்சாம்பலிலிருந்து எடுத்த ஒரு காரப்பொடியைத்தான் மாவு எழும்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் சாம்பல் உப்பு கண்ணாடிக்கும் சோப்புக்கும்கூட வேண்டிய பெரிய வணிகச் சரக்கு. 1790-ல் அமெரிக்கா வழங்கிய முதல் காப்புரிமையே சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் அதைத் தயாரிக்கக் கண்டுபிடித்த முறைக்குத்தான். 1846-ல் நியூயார்க்கில் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் சோடியம் பைகார்பனேட்டைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள்.

அயர்லாந்தில் 1830களிலேயே சோடா சமையலறைக்கு வந்துவிட்டது. அங்கே விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் பிரெட்டுக்குத் தேவையான இழுவை அதில் குறைவு. வெண்ணெய் கடைந்த பிறகு மிஞ்சும் புளித்த மோர் வீட்டுக்கு வீடு இருந்தது. சோடா மட்டும்தான் பாக்கி. மாவு, சோடா, உப்பு, மோர் இந்த நான்கையும் சேர்த்து, கனமான இரும்புப் பானையில் வைத்து, மூடி மேலும் கனலை அள்ளிப் போட்டுச் சுட்டார்கள். அவனே இல்லாத வீடுகளிலும் தினம் பிரெட் கிடைத்தது. ஐரிஷ் சோடா பிரெட் அப்படிப் பிறந்ததுதான்.

இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1843-ல் பேர்ட் ஈஸ்ட் இல்லாத ஒரு பொடியை உருவாக்கினார். நாம் அறிந்த பேக்கிங் பவுடருக்கு அது முன்னோடி. பிறகு ஹார்வர்டில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட் கால்சியம் பாஸ்பேட் வகை அமிலத்தை இதற்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டு 1856-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் பல பேக்கிங் பவுடர்களில் அந்த வகை அமிலம் இருக்கிறது.

பழைய ஐரிஷ் பிரெட்டில் சீஸ் கிடையாது. சீஸும் இலையும் சேர்த்து, முட்டையும் கொழுப்பும் கூட்டி நீளத் தகரத்தில் சுடுவது அதன் பிந்தைய உறவு. பிரான்சில் இதே குடும்பத்தில் "கேக் சாலே" என்று ஒன்று உண்டு. க்ரூயேர் சீஸ், ஆலிவ் எல்லாம் போட்டு, விருந்துக்கு முன் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார்கள்.

குமிழியைப் பிடித்து வைக்கும் சுவர்

வாயு மட்டும் இருந்தால் போதாது, அதை அடைத்து வைக்க ஏதாவது வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுபடும் ஒரு வலையாகின்றன. அதுதான் குளூட்டன். பரோட்டா மாவை அடித்து அடித்துப் பிசைவது இந்த வலையை வலுவாக்கத்தான்.

ஈஸ்ட் பிரெட்டில் அந்த வலு தேவை. நெடுநேரம் மெதுவாக வரும் வாயுவை அந்த வலைதான் பொறுமையாகத் தாங்குகிறது. குயிக் பிரெட்டில் அதே வலு தொல்லை. வாயுவுக்கு நேரம் குறைவு. இறுகிய வலையைத் தள்ளி விரிக்க அதனால் முடியாது. கிடைத்த இடத்தில் குடைந்துகொண்டு மேலே போகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே நீள நீளமாகச் சுரங்கம் மாதிரி ஓட்டைகள், மற்ற இடமெல்லாம் ரப்பர். இது சோடாவின் குற்றமில்லை. கலக்கிய கையின் குற்றம்.

எனவேதான் செய்முறைகள் "அதிகம் கலக்காதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எது அதிகம் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: உலர்ந்த மாவின் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போன நொடியில் நிறுத்துங்கள். மாவு கட்டி கட்டியாக, கரடுமுரடாக இருக்கும். இருக்கட்டும். அந்தச் சின்னக் கட்டிகள் அவனில் தாமாகவே ஈரம் குடித்துக் கரைந்துவிடும். தோசை மாவு மாதிரி வழவழப்பாக்க ஆசைப்பட்டால் பிரெட் போச்சு.

எண்ணெய், வெண்ணெய் இரண்டும் இங்கே காவல் வேலையும் செய்கின்றன. கொழுப்பு மாவுத் துகளைச் சுற்றிப் படிந்து, புரதங்கள் சுலபமாகப் பின்னிக்கொள்ள விடாது. கொழுப்பு சேர்த்த பிரெட் மெத்தென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சீஸ் என்ன செய்கிறது

சீஸ் பிரெட்டை எழுப்பாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறையப் போட்டால் பிரெட் மிருதுவாக எழும்பும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நன்கு முதிர்ந்த செடார் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். சூட்டில் இரண்டும் வெளியே வரும். அளவு மீறினால் குமிழிச் சுவர்கள் கனம் தாங்காமல் அமுங்கும், அடிப்பாகம் எண்ணெய் கோத்துப் பிசுபிசுக்கும். மாவின் எடையில் பாதிக்கு மேல் சீஸ் போகக் கூடாது. 250 கிராம் மாவுக்கு 100 முதல் 120 கிராம் போதும்.

எந்த சீஸ் என்பது அளவைவிட முக்கியம். மாவு சுவையை விழுங்கிவிடும். சாதாரணமாகத் தின்னும்போது இதமாக இருக்கும் சீஸ் பிரெட்டுக்குள் போனதும் இருக்கிற இடம் தெரியாது. ஆகவே முதிர்ந்த, சுவை ஏறிய செடார்தான் என் முதல் தேர்வு. நம் ஊர்க் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும் பிராசஸ்ட் சீஸும் கைவிடாது. பிரிந்து எண்ணெய் கக்காமல் ஒரே சீராக உருகுவதற்காக அதில் சில உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் பிரெட்டுக்குள் அது மிருதுவான துண்டுகளாகவே நிற்கும். சுவை மென்மை, உப்பு அதிகம். கூடவே மிளகு, கடுகுத்தூள், பூண்டு என்று ஏதாவது கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஒரு சிட்டிகை கடுகுத்தூள் எந்த சீஸின் சுவையையும் எடுத்துக்காட்டும். மொசரெல்லாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பாதி தண்ணீர், சுவை சொற்பம், அந்த நூல் இழுபடும் அழகு ஆறியதும் காணாமல் போய்விடும்.

பனீர் போடலாமா? போடலாம், ஆனால் உருகாது. செடார் போன்றவற்றைத் திரிப்பது ரென்னெட் என்னும் நொதி. அந்தப் பால் புரதங்களுக்கு இடையே கால்சியம் பாலம் போட்டிருக்கும், சூட்டில் அவை தளர்ந்து வழியும். பனீரைச் சூடான பாலில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரிக்கிறோம். புளிப்பு அந்தக் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது, புரதங்கள் நேரடியாக இறுகி ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு சூடு கொடுத்தாலும் தண்ணீரைத்தான் விடும், வழியாது. பனீர் மசாலாவில் துண்டு கரையாமல் இருப்பதும் இதனால்தான். ரென்னெட் என்றதும் சைவர்கள் கவனிக்க ஒன்று: இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜியானோவுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் வாங்கும்போது பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துருவுவதா, துண்டு போடுவதா? துருவினால் சீஸ் மாவோடு கலந்து பிரெட் முழுக்கச் சுவை பரவும், ஆனால் தனியாகக் கண்ணில் படாது. ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் அங்கங்கே உருகிய சீஸ் குழிகள் கிடைக்கும். பாதி துருவல், பாதி துண்டு என்று போடுங்கள். இரண்டையும் முதலில் உலர் மாவில் புரட்டிக்கொண்டால் ஒன்றோடொன்று ஒட்டாது, அடியில் போய்ப் படியாது.

உப்பு விஷயத்தில் கவனம். 100 கிராம் செடாரில் ஒன்றரை கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். சீஸ் இல்லாத பிரெட்டுக்குப் போடும் உப்பை அப்படியே போட்டால் வாயில் வைக்க முடியாது. பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

மொத்தத்தில் சீஸின் வேலை சுவை, மென்மை, நிறம். எழுப்பும் வேலை சோடாவுக்கும் பவுடருக்கும் மட்டும்தான்.

இலைகள்: எதை எப்போது

வாசனை இலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். ரோஸ்மேரி, தைம், ஆரிகனோ போன்றவை திடமானவை. நெடுநேரச் சூட்டிலும் மணம் நிற்கும். பார்ஸ்லி, துளசி வகைகள், கொத்தமல்லி மென்மையானவை. அவற்றின் மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும். முக்கால் மணி நேரம் அவனில் இருந்த கொத்தமல்லியில் பச்சைப் புள்ளி மிஞ்சும், வாசம் மிஞ்சாது.

இலைகளின் மணப்பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. நாம் தாளிக்கும்போது செய்வதும் இதைத்தான். எனவே ரோஸ்மேரியையோ தைமையோ நேரடியாக மாவில் தூவுவதைவிட, செய்முறையில் உள்ள வெண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் நறுக்கிய இலையையும் ஒரு பல் பூண்டையும் போட்டு, ஆறவைத்துச் சேர்த்தால் பிரெட் முழுக்க மணக்கும். ஐந்து நிமிட வேலை, வித்தியாசம் பெரிது. உலர்ந்த இலை என்றால் பச்சை இலையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். பச்சை இலையைக் கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்திவிடுங்கள். அதில் தங்கும் தண்ணீர் மாவை நீர்க்க வைக்கும்.

ரோஸ்மேரியும் தைமும் நம் நீலகிரியிலேயே விளைகின்றன, கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. தைமுக்கு மணம் தரும் தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. ஆரிகனோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ஓமவல்லியிலும் நிறைய உண்டு. கர்ப்பூரவல்லி என்றும் சொல்வோமே, அதேதான். இலை சாறுள்ளது என்பதால் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கிச் சேர்க்க வேண்டும். சீஸும் ஓமவல்லியும் அவ்வளவு பொருத்தமான ஜோடி என்று செய்து பார்த்தால்தான் தெரியும். சைவ்ஸ் என்னும் வெங்காய வகை இலையைக் கேட்கும் செய்முறைகளில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடலாம்.

இன்னொன்று. மேலே தூவ சூரியகாந்தி விதை எடுத்தால், அடுத்த நாள் பிரெட்டுக்குள் விதைகள் பச்சையாகத் தெரிந்து சிலர் பூஞ்சை என்று பயந்துவிடுவார்கள். அடங்காமல் மிஞ்சிய சோடா அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. சாப்பிடலாம்.

செய்யும் முறை

முதலில் அவனை 180 டிகிரி செல்சியஸில் சூடேற்றுங்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: தயிர் மாவில் விழுந்த நொடியில் வாயு பிறக்கத் தொடங்கிவிடும், அதன் பிறகு அவன் சூடாகக் காத்திருந்தால் அது வீணாகிப் போகும். ஓடிஜி எனப்படும் சின்ன மின் அவன் என்றால் கால் மணி நேரமாவது சூடேறட்டும். ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் நீளமுள்ள தகரத்தில் வெண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் போட்டு வையுங்கள்.

250 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் மிளகுத்தூள். பிராசஸ்ட் சீஸ் என்றால் உப்பைக் கால் டீஸ்பூனாக்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். சோடா கட்டியாக நின்றால் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளியும் கசப்பும் வரும். தராசு இருந்தால் எடை போட்டே அளங்கள். கப்பில் மாவை அழுத்தி நிரப்பினால் இரண்டு கப்பிலேயே 300 கிராமைத் தொட்டுவிடும். கூடிய அந்த 50 கிராமே பிரெட்டை வறட்டிவிடும். சலித்த மாவில் 120 கிராம் சீஸைப் புரட்டுங்கள்.

வேறொரு பாத்திரத்தில் ஒரு கப் புளித்த தயிர், ஒரு முட்டை, இலையோடு காய்ச்சி ஆறிய 60 கிராம் வெண்ணெய் மூன்றையும் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், இன்னும் மாவு சேரவில்லை. முட்டை வேண்டாம் என்றால் கூடுதலாக 50 மில்லி பால். பிரெட் சற்று அடர்த்தியாக வரும், சுவை குறையாது. வெளிநாட்டுச் செய்முறைகளில் தயிருக்குப் பதில் பட்டர்மில்க் என்று இருக்கும். அது கெட்டியான, புளிப்பான பொருள். அந்த அளவுக்கு நம் வீட்டு நீர்மோரை ஊற்றினால் மாவும் நீர்த்துவிடும், சோடாவை அடக்கும் புளிப்பும் போதாது. முக்கால் கப் தயிரைக் கால் கப் பாலில் கரைத்தால் அதற்குச் சரியான மாற்று.

இப்போது ஈரக் கலவையை மாவில் ஊற்றி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். பத்துப் பதினைந்து புரட்டலில் வேலை முடிந்துவிடும். கரண்டியிலிருந்து ஓடாமல் தொப்பென்று விழும் பதம். மிக இறுக்கமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால். தகரத்தில் போட்டு, மேலே கொஞ்சம் சீஸ் தூவி, உடனே அவனுக்குள் தள்ளுங்கள்.

மைதா வேண்டாம் என்பவர்கள் பாதி ஆட்டா மாவு போடலாம். ஆட்டா அதிகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் பாலை இரண்டு மூன்று மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

அவனுக்குள்

முதல் சில நிமிடங்களில் குமிழிகள் சூட்டில் விரிகின்றன, பவுடரின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது, தண்ணீர் ஆவியாகி அதுவும் சேர்ந்து தள்ளுகிறது. மாவு மேலே ஏறுகிறது. உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து வீங்குகின்றன, முட்டையின் புரதமும் கெட்டிப்படுகிறது. குமிழிச் சுவர்கள் இறுகி நிற்பது அப்போதுதான். அதற்கு முன் கதவைத் திறந்தால் சூடு இறங்கும், நிற்காத சுவர் சரியும். முதல் அரை மணி நேரம் திறக்காதீர்கள்.

மேல்தோல் உள்ளே உள்ளதைவிட முன்னதாக இறுகிவிடும். நடுப்பகுதி இன்னும் ஏறும்போது தோல் வெடித்து நீளமாக ஒரு பிளவு வரும். அது குறையில்லை, நன்றாக எழும்பியதற்கு அடையாளம். மேலே ஏறும் பொன்னிறம், சீஸிலும் தயிரிலும் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கும் மெயிலார்ட் வினையால் வருவது. 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நிறம் சீக்கிரம் ஏறினால் அலுமினியத் தாளால் மேலே மூடிவிடுங்கள்.

45 முதல் 55 நிமிடம் ஆகும். நடுவில் குத்திய குச்சி ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். உருகிய சீஸ் ஒட்டினால் ஏமாந்துவிடாதீர்கள், வேறு இடத்தில் குத்திப் பாருங்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 93 டிகிரியைத் தாண்டியதா என்று பார்ப்பது இன்னும் உறுதி.

நடு அமுங்கினால் ஒன்று வேகவில்லை, அல்லது சோடாவோ பவுடரோ கூடிவிட்டது: குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருத்து, சுவர் இறுகுமுன் உடைந்திருக்கும். எழும்பாமல் வெளிறி அடர்த்தியாக வந்தால் பழைய பவுடரையோ சூடேறாத அவனையோ சந்தேகப்படுங்கள்.

பத்து நிமிடம் தகரத்திலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். மணம் இழுக்கும்; ஆனாலும் சூட்டோடு வெட்ட வேண்டாம். வீங்கிய மாவுச்சத்து ஆறும்போதுதான் கெட்டிப்படும். அதற்கு முன் வெட்டினால் கத்தியில் ஒட்டும், நன்றாக வெந்த பிரெட்டும் வேகாதது மாதிரி பிசுபிசுக்கும். ஒரு மணி நேரம் போதும்.

இந்த பிரெட் அன்றைக்கே மிகச் சுவை. காற்றுப் புகாத டப்பாவில் மறுநாளும் நன்றாக இருக்கும். நம் ஊர் வெக்கையில், அதுவும் சீஸ் சேர்த்ததை, அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் கெடாது, ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி பிரெட் வறண்டுவிடும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. வேண்டும்போது எடுத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டினால் ஓரத்து சீஸ் மறுபடி மொறுமொறுப்பாகும். தக்காளி சூப்போடு சாப்பிடலாம். காலை அவசரத்தில் வெறுமனேயும் சாப்பிடலாம்.